ஆறாவது பட்டன்

அடையாறு, சென்னை
3 ஜூன் 2024

அன்புள்ள ஹெலன்,

நலமா? வாட்ஸ்ஆப்பில் கேட்டால் கட்டைவிரலைக் காட்டிவிட்டுப் போய்விடுகிறாய். அதனால்தான் கடிதம்.

ஆடை வடிவமைப்பாளர்கள் இருபது பேர் தங்கள் தொழிலைப் பற்றியும் நன்றாக வாழ்வதைப் பற்றியும் ஆளுக்கொரு பக்கம் எழுதும் புத்தகம் ஒன்றைத் தொகுக்கிறேன். கையெழுத்திலேயே அனுப்ப வேண்டும். இத்துடன் உள்ள தாள்கள் புதுச்சேரியில் கையால் செய்தவை.

கும்மிடிப்பூண்டியில் யூனிஃபார்ம் வரைகிறவளெல்லாம் டிசைனரா என்று ஆரம்பிக்காதே. நம் கல்லூரிக் கண்காட்சிக்கு நீ வெட்டிய கறுப்புச் சட்டையை நான் இன்னும் மறக்கவில்லை. மனதில் பட்டதை எழுது. ஒரு வார்த்தையும் மாற்ற மாட்டேன்.

உன் நந்தினி


கும்மிடிப்பூண்டி
17 ஜூன் 2024

அன்பு நந்தினி,

தாள்கள் வந்தன. இவ்வளவு நல்ல தாளில் இங்க் படுவதற்கே பயமாக இருந்தது. அந்தக் கறுப்புச் சட்டையைப் போட்டுக்கொண்டு மேடையேறியது நீ; கைதட்டலும் உனக்குத்தான். சும்மா சொல்கிறேன், கோபமில்லை.

நன்றாக வாழ்வதைப் பற்றி எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. ஒரு பட்டனைப் பற்றித்தான் தோன்றுகிறது.

போன வருடம் தேர்வாய் கண்டிகையில் தின்பண்டம் பாக்கெட் போடும் ஒரு தொழிற்சாலைக்கு, பெண்கள் சுடிதாருக்கு மேல் போடும் கோட்டை வரைந்தேன். முன்பக்கம் ஆறு பட்டன். எங்கள் முதலாளி வெங்கடேசன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னா மேடம், இது கோட்டா, பட்டன் கடையா? ஒண்ணு கம்மி பண்ணுங்க. யாரு எண்ணிக்கினு இருக்கப்போறா?"

இரண்டு நாள் முறைத்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் ஐந்தாக்கினேன். நெஞ்சுக்கு நேராக இடைவெளி விழும், கையைத் தூக்கினால் திறக்கும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் கையெழுத்துப் போட்டேன்.

போன செவ்வாய்க்கிழமை ஆரம்பாக்கத்திலிருந்து மெர்சி என்று ஒரு பெண் எங்களிடம் வேலை கேட்டு வந்தாள். என் மேஜையில் கிடந்த அந்தக் கோட்டைப் பார்த்ததும் சிரித்துவிட்டாள்.

"இந்தக் கோட்டுதான் மேடம் என்னை ஊட்டுக்கு அனுப்புச்சு. கையத் தூக்கனா நெஞ்சாண்ட தொறந்துக்குது. எங்க சூப்பர்வைசரு வேற எங்கியும் பாக்க மாட்டான். அதான் ஊக்கு குத்திக்கினேன். அது அவுந்து சிப்ஸு பாக்கெட்டுக்குள்ள பூடுச்சு. இரும்பு கீதான்னு செக் பண்ற மெஷின் கத்திடுச்சு. நாளையிலேர்ந்து வராதன்ட்டாங்க."

"நீ மட்டுமா ஊக்கு குத்தினாய்?"

"நூறு பேரும்தான் குத்திக்கினு இருக்கோம். என்துதான் அவுந்துச்சு. இத வரைஞ்சவன் ஆம்பளையாத்தான் இருப்பான் மேடம். பொம்பளையா இருந்தா இப்டி பண்ணுவாளா?"

அவளுக்கு இங்கே வேலை கிடைக்கவில்லை. கோட்டை மடித்து அலமாரிக்குள் தள்ளினேன், அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

நாம் மூன்று வருடம் படித்ததெல்லாம் எனக்கு அந்த மூன்றாம் நாள் காலையில் தேவைப்பட்டது. அன்றைக்கு அது வரவில்லை. இதை உன்னிடம்தான் முதலில் சொல்கிறேன். அப்படியே போடு. என் பெயரோடு போடு.

உன் ஹெலன்


அடையாறு
8 ஜூலை 2024

என் அன்பு ஹெலன்,

உன் பக்கத்தைப் படித்து அழுதுவிட்டேன்டி.

ஒன்று சொன்னால் கோபித்துக்கொள்ளாதே. இது பரிசாகக் கொடுக்கிற புத்தகம், ஊக்கு, சூப்பர்வைசர் எல்லாம் வேண்டாமே என்கிறார்கள் பதிப்பகத்தில். அதனால் சாரத்தை மட்டும் எடுத்திருக்கிறேன். அச்சுப்படி இதோ:

"ஒரு கோட்டில் ஆறு பட்டன் இருந்தது. ஒன்றை எடுத்தேன். யாரும் எண்ணவில்லை. குறைத்துக்கொள்வதில்தான் அழகு இருக்கிறது, வாழ்விலும். — ஹெலன்"

வெள்ளைப் பக்கத்தின் நடுவில் இந்த வரிகள் மட்டும்! புத்தகத்திலேயே எனக்கு மிகவும் பிடித்த பக்கம் உன்னுடையதுதான். ஆகஸ்டில் வெளியீடு. நீ அவசியம் வர வேண்டும்.

உன் நந்தினி


கும்மிடிப்பூண்டி
20 ஜூலை 2024

நந்தினி,

அச்சுப்படியை நாலைந்து முறை படித்தேன். யாரும் எண்ணவில்லை என்பது வெங்கடேசன் சொன்னது. அதை என் வாயில் வைத்திருக்கிறாய். நூறு பெண்கள் தினமும் அந்த இடைவெளியில் ஊக்கு குத்துகிறார்கள். அவர்கள் எண்ணாமலா இருப்பார்கள்?

போன ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் ஆரம்பாக்கம் போனேன். கோட்டை வரைந்தது நான்தான் என்று மெர்சியிடம் சொன்னேன். திட்டுவாள் என்று காத்திருந்தேன்.

"நீங்களா? சரி, பண்ணிட்டீங்க. கோட்டு மேலதான் தப்புன்னு எழுதிக் குடுப்பீங்களா?" என்றாள்.

நீ அனுப்பிய தாளில் ஒன்று மிச்சம் இருந்தது. அளவுகளோடு எழுதிக் கையெழுத்துப் போட்டேன். படித்துக் காட்டினேன். அவள் எதையும் எடுக்கச் சொல்லவில்லை. நூறு பேரும் குத்துகிறோம் என்பதையும் சேர்க்கச் சொன்னாள்.

திங்கட்கிழமை இருவருமாகத் தொழிற்சாலைக்குப் போனோம். தாளை வாசலிலேயே வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். ஐந்து நாளாகிறது, பதில் இல்லை. வெங்கடேசனுக்கு மட்டும் அன்றே போன் வந்திருக்கிறது. "சோறு போட்ற கம்பெனிய நீங்களே மாட்டி உட்டுட்டீங்களே மேடம்" என்றார். இந்த மாதத்தோடு நின்றுகொள்ளச் சொல்லிவிட்டார். கோட்டில் இன்னும் ஐந்து பட்டன்தான்.

மெர்சி தினமும் போன் செய்கிறாள். "இன்னா மேடம், எதனா சொன்னாங்களா?" இல்லை என்று சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது. அவள் கேட்பதை நிறுத்தவில்லை.

வெளியீட்டுக்கு நான் வரமாட்டேன். இருபது பேர் என்று எழுதியிருந்தாய். பத்தொன்பது போதும். ஒன்றை எடுத்துவிடு. யாரும் எண்ணப்போவதில்லை.

ஹெலன்