தும்மல் மாத்திரை

1981 ஜனவரி 6, செவ்வாய்

இன்றும் மறந்துவிட்டது. உலோகங்களின் வினைவரிசை. ராத்திரி அத்தனை தடவை படித்தேன். வகுப்பில் மிஸ் எழுப்பிக் கேட்டபோது பொட்டாசியம், சோடியம் — அதோடு நின்றது. பின்பெஞ்சில் கமலேஷ், “மதராசன் சோ கயீ” என்றாள் இந்தியில். மதராஸ்காரி தூங்கிவிட்டாளாம். நான் தூங்கவில்லையே.

“மார்ச் பரீட்சைலயும் இப்படின்னா கும்மோணத்துல பெரியப்பா ஆத்துல போய் இரு” என்றார் அப்பா. அதைவிடப் பெரிய பயம் எனக்கு. அப்பாவின் தம்பி வைத்தி சித்தப்பாவுக்கும் மறதியில்தான் ஆரம்பித்ததாம். இப்போது அவருக்குத் தன் பெயரே தெரியாது.

ஜனவரி 9

யாரிடம் சொல்வது?

ஜனவரி 13

மாடிவீட்டு வத்சலா அக்கா கறிவேப்பிலை கேட்டு வந்தாள். ஆராய்ச்சிக்கு எலி வளர்க்கிறவள். “வழி கத்துக்கற எலிக்கு ஒரு ஊசி போட்டா மக்கா ஆயிடறது, மாமி.” மூளையில் நரம்புக்கு நரம்பு ஒரு ரசாயனம் சேதி கொண்டுபோகுமாம். போகப்போக அந்த இணைப்பு பலப்படுவதுதான் ஞாபகமாம். ஊசி அந்த ரசாயனத்தைத் தடுத்துவிடும். “தும்மல் மாத்திரைல கூட அந்தக் குணம் கொஞ்சம் உண்டு.”

“சமைக்கற நேரத்துல எலிப் பேச்சு வேண்டாம்டி” என்று அம்மா சிரித்தாள்.

நான் சிரிக்கவில்லை. டிஸ்பென்சரியில் இனாம் என்று அம்மா வாங்கிக் குவிக்கும் மஞ்சள் மாத்திரை — ரஜாய் பஞ்சுப்போர்வையின் தூசிக்குத் தும்மாமல் இருக்க, தீபாவளியிலிருந்து காலையும் ராத்திரியும் எனக்கு.

நான்தான் எலியா?

ஜனவரி 14

பொங்கல். மாத்திரையை நாக்குக்கு அடியில் ஒதுக்கி, குளியலறையில் துப்பினேன்.

ஜனவரி 22

தும்மல், தும்மல். “ஒண்ணு பத்தலை, ரெண்டா போட்டுக்கோ” என்கிறாள் அம்மா. இரண்டையும் துப்புகிறேன். ஆனால் இன்று வினைவரிசை கடைசிவரை வந்தது. மாத்திரையாலா? இல்லை, பயம் குறைந்ததாலா?

பிப்ரவரி 3

என் தும்மல் தொற்றிக்கொள்ளும் என்று அப்பாவுக்கும் காலையும் ராத்திரியும் மாத்திரை கொடுக்கிறாள் அம்மா. அவர் சமர்த்தாக முழுங்குகிறார். இன்று ஆபீஸ் சாவியை ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் விட்டுவிட்டு வந்தார்.

“வைத்தி மாதிரி ஆயிடுவேனோ?” என்றார் மெதுவாக. அப்பா பயந்து நான் பார்த்ததில்லை.

பிப்ரவரி 4

காலையில் தட்டில் அப்பாவுக்கு ஒன்று, எனக்கு இரண்டு. அவர் கை நீட்டுவதற்குள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டேன். துப்பினதைச் சொல்லிவிட்டேன். வத்சலா அக்கா சொன்னதையும்.

அம்மா அடிக்கவில்லை. ரஜாயை உருவிக்கொண்டு மொட்டைமாடிக்குப் போனாள். மேலே அவள் தூசி தட்டுகிற சத்தம்.

அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். “அந்த உலோகமெல்லாம் சொல்லு” என்றார்.

சொன்னேன். நடுவில் தும்மினேன். அவர் காத்திருந்தார்.