இங்ரிட்டின் கேம்ப்பில் என் வயலின்

ஜூன் 19, 1976. சனி

காலையிலேயே புழுக்கம். ஜன்னல் கண்ணாடி வெளிப்பக்கம் முழுக்க வேர்த்திருக்கு. இந்த அரபு ஊர்ல, குதைபியாவில இந்தத் தெருவுக்கு மட்டும் காத்தே வராது போல. புளி தீர்ந்துபோச்சு. ராஜிக்கு ஸ்கூல் ஷூ வாங்கணும்.

நேத்து மத்தியானம் சாம்பார் சாதத்தைப் பிசைஞ்சுக்கிட்டே இவர் சாவகாசமாச் சொல்றார்: "மேனேஜர் மிஸஸ்கிட்ட நீ வயலின் வாசிப்பேன்னு சொல்லியிருக்கேன். நாளன்னிக்கு வர்றேன்னும் சொல்லியாச்சு."

என்னைக் கேட்கணும்னு தோணவே இல்லை.

விஷயம் இதுதான். இவர் மேனேஜர் ஸ்வீடன்காரர். துறைமுக வேலை முடியலைன்னு இந்தக் கோடைக்கு அவங்க யாரும் ஊருக்குப் போகலை. அதனால அவர் சம்சாரம் இங்ரிட், கம்பெனி காம்பவுண்ட் ஹாலிலேயே ஒரு வாரம் சம்மர் கேம்ப் வைக்கிறாங்க. அவங்க ஊர் நாட்டுப்பாட்டு, நாட்டுப்புற ஆட்டம். வெள்ளிக்கிழமை அவங்க கோடைத் திருவிழா. வயலின் வாசிக்கிற எஞ்சினியரை திடீர்னு அபுதாபி சைட்டுக்கு மாத்திட்டாங்க. இப்ப நான்.

கல்யாணத்துக்கப்புறம் மேடை வேண்டாம்னு சொன்ன அதே வாய். பதினோரு வருஷமா நான் பெட்டியைத் திறக்கிறதே இவர் ஆபீஸ் போன பிறகுதான், அதுவும் ஜன்னலைச் சாத்திட்டு. மேனேஜர் மிஸஸ் கேட்டா மட்டும் மேடை பரவாயில்லையாம். வயிறு எரியுது. ஆனா போகணும்னு ஆசையாவும் இருக்கு, கண்றாவி.

ஜூன் 20. ஞாயிறு

முதல் நாளே மானம் போச்சு.

ஹால் நிறைய வெள்ளைக்காரங்க, குழந்தைங்க, நல்ல ஏ.சி. நான் வழக்கம்போல செருப்பைக் கழட்டிட்டுத் தரையில சம்மணம் போட்டு உட்கார்ந்து, வயலின் தலையை வலது கணுக்கால் மேல வச்சு சுருதி சேர்க்க ஆரம்பிச்சேன். யாரோ ஓடிப்போய் நாற்காலி கொண்டுவந்தாங்க. மயக்கம்னு நினைச்சுட்டாங்க!

இங்ரிட் (உயரம், வாய் நிறைய சிரிப்பு, எனக்கு அக்கா வயசு) குனிஞ்சு சொன்னாங்க: "கோமதி, வெள்ளிக்கிழமை திருவிழா ஊர்வலத்தில வயலின்தான் முன்னாடி போகும். நீ நடந்துகிட்டே வாசிக்கணும். பின்னாடி நாங்க எல்லாரும் வருவோம்."

நடந்துகிட்டே! நாதஸ்வரமா இது? எங்க வயலினை உடம்பும் காலும்தான் தாங்கும். இடது கை சும்மா வழுக்கிக்கிட்டு ஓடத்தான். நின்னா அந்தக் கையே தாங்கவும் தாங்கணும், ஓடவும் ஓடணும். எழுந்து நின்னு பார்த்தேன். நாலாவது ஸ்வரத்துக்கே வயலின் சரிஞ்சுது.

வாசிக்கத் தெரியும்னு இவர் சொன்னார். நடக்கத் தெரியுமான்னு அவங்களும் கேட்கலை.

ஒரு ஆறுதல். நான் கம்பியை ச-ப-ச-பன்னு சேர்த்து வச்சிருந்ததைப் பார்த்துட்டு இங்ரிட் துள்ளிக் குதிச்சாங்க. அவங்க ஊர்ப் பெரியவங்களும் சில பாட்டுக்கு அப்படித்தான் கம்பி சேர்ப்பாங்களாம்.

ஜூன் 21. திங்கள்

டவலை நாலா மடிச்சுத் தோளில வச்சு, வீட்டு ஹாலுக்கும் சமையல்கட்டுக்கும் நடை. பத்து தரம் போயிருப்பேன். கழுத்து விண்ணு விண்ணுன்னு வலி. ராஜி சோபாவில படுத்துக்கிட்டு, "அம்மா, யூ லுக் லைக் எ ரோபோ!" ஒன்பது வயசுக்கு வாய் மட்டும் காது வரைக்கும்.

அவங்க ஆட்டப் பாட்டு மூணு எண்ணிக்கை. ஆனா சமமா இல்லை. ரெண்டாவது இழுபடுது, மூணாவது சுருங்குது. நான் தாளம் போட்டா உதைக்குது. இங்ரிட் பாடப் பாட ஸ்வரமா எழுதிக்கிட்டேன். கீரவாணி ராகச் சாயல். நம்ம வழக்கப்படி ஸ்வரத்தை அசைச்சு வாசிச்சா, "நேரா, நேரா, கோமதி"ங்கிறாங்க. நேரா வாசிக்கிறதுதான் கஷ்டம்னு இவ்வளவு நாள் தெரியாது.

வேர்வையில, கம்பியை முறுக்கற பிருடை நழுவுது. சாக்பீஸ் தடவணும்.

கேம்ப்பிலேருந்து இவர் காரில திரும்பும்போது: "மேனேஜர் ரொம்ப சந்தோஷமா இருக்கார்." என் கழுத்தைப் பத்தி ஒரு வார்த்தை கேட்கலை.

ஜூன் 22. செவ்வாய்

இன்னிக்கு ஆடினேன். எழுதவே கை கூசுது, ஆனாலும் எழுதறேன்.

பாட்டோட இழுப்பு புரியலைன்னு சொன்னேன். "புரியாது. கால்ல தெரியணும், வா"ன்னு இங்ரிட் இழுத்துவிட்டாங்க. டேப் ரெக்கார்டரில பாட்டு. ஜோடி ஜோடியா சுத்தணும். எனக்குக் கிடைச்சது சர்வேயர் லார்ஸ். வழுக்கைத் தலை, ரிட்டயராகப் போற வயசு, ஒரே பூண்டு வாசனை. ஒரு கை என் இடுப்புக்குப் பின்னால. உடம்பு அப்படியே மரக்கட்டை ஆயிடுச்சு. புடவை தடுக்குது. கொசுவத்தைத் தூக்கிச் சொருகினேன். மூணாவது சுத்தில ரெண்டாவது எண்ணிக்கை ஏன் இழுபடுதுன்னு தெரிஞ்சுபோச்சு: அங்கதான் உடம்பு திரும்புது! திரும்ப நேரம் வேணும்ல!

உடனே போய் வயலினை எடுத்து, நின்னபடியே வாசிச்சேன். வந்துடுச்சு. எல்லாரும் தரையை உதைச்சாங்க. அதுதான் அவங்க சபாஷ். இங்ரிட் கேமராவோட அங்கயும் இங்கயும் ஓடிக்கிட்டே இருந்தாங்க.

நான் இப்படிச் சிரிச்சு எத்தனை நாளாச்சு.

ஜூன் 23. புதன்

எழுத்து கோணல்.

இங்ரிட் அன்பாத்தான் செஞ்சாங்க. நேத்து எடுத்த போட்டோவை உடனே கழுவி ஆபீஸ் நோட்டீஸ் போர்டில குத்தியிருக்காங்க. நானும் லார்ஸும். புடவை சொருகியிருக்கு, அவர் கை இடுப்பில, நான் வாய்விட்டுச் சிரிக்கிறேன். டிராயிங் செக்ஷன் பசங்க முழுக்க முன்னாடி நின்னாங்களாம். ஒருத்தன் சொன்னானாம்: "சார், மேடம் பிரமாதமா ஆடறாங்களே, எங்களுக்கெல்லாம் டிக்கெட் உண்டா?"

இவர் வந்ததும் வராததுமா ப்ரீஃப்கேஸைக் கட்டில்ல வீசினார்.

"வயலின் வாசிக்கத்தானே அனுப்பினேன்? ஆட்டக்காரியா அனுப்பினேன்?"

"நீங்க அனுப்பினீங்க. அதை ஞாபகம் வச்சுக்கோங்க."

"நாளையிலேருந்து போகவேண்டாம். கலாஸ், முடிஞ்சுபோச்சு."

"வெள்ளிக்கிழமை நான்தான் முன்னாடி போகணும். வேற ஆள் மாஃபி, யாருமே இல்லை."

"டேப் போட்டுக்கட்டும்."

ராஜி பாத்ரூமுக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டா. எனக்கு அழுகை வரலை. ஆத்திரம்தான் வந்துச்சு. அந்தச் சிரிப்பைத்தான் இவரால தாங்க முடியலை, லார்ஸ் கையை இல்லை.

ஜூன் 24. வியாழன்

போகலை. நாள் பூராவும் துணி மடிச்சேன், மடிச்சதையே மறுபடி மடிச்சேன்.

சாயங்காலம் இவர் கீழே செய்யது பாய் கடைக்குப் போய் இங்ரிட்டுக்கு போன் பண்ணிட்டு வந்தார். எனக்குக் கடுமையான காய்ச்சலாம், எழுந்திருக்கவே முடியலையாம். தயிர் வாங்கப்போன என்னைப் பார்த்து பாய் திருதிருன்னு முழிச்சார். "தங்கச்சி, உங்களுக்குக் காய்ச்சல்னாரே சார்?" காயல்பட்டினத்துக்காரர், பொய் சொல்லவும் தெரியாது, பொய்யைக் கேட்கவும் தெரியாது. "மருந்து சாப்பிட்டேன் பாய்"னு சொல்லிட்டு வந்துட்டேன். நானும் சேர்ந்து பொய்.

காம்பவுண்டில, திருவிழாவுக்கு நட்டு வச்சுச் சுத்தி ஆடற கம்பம் தயாராகுதாம். சைட்டிலேருந்து இரும்புக் குழாய், பேரீச்ச ஓலை சுத்தி, காகிதப் பூ. ராஜியோட பள்ளித் தோழி போனில சொன்னதை, பாய் கடைப் பையன் வந்து சொன்னான். எனக்கு எதுவும் கேட்க வேண்டாம்னு இருக்கு.

ஜூன் 25. வெள்ளி

மூணு மணி. ஆளை உருக்கற வெயில். இவர் வேட்டியைக் கட்டிக்கிட்டு பேப்பர் படிக்கிறார். நான் புடலங்காய் நறுக்கறேன். காலிங் பெல்.

திறந்தா இங்ரிட். கையில மூடிபோட்ட சூப் பாத்திரம். பின்னால படியேறி மூச்சு வாங்க மேனேஜரே நிக்கிறார்.

"கோமதி! எழுந்து நடக்கிறியே! காய்ச்சல்னாரே?"

திரும்பிப் பார்த்தேன். இவர் பேப்பரோட எழுந்து நிக்கிறார், முகத்தில ரத்தமே இல்லை. ராஜி வாயைத் திறந்தா. முதுகில ஒரு கிள்ளு வச்சேன், மூடிக்கிட்டா. நான் படுக்கையில விழுந்தா இவர் மானம் பிழைக்கும். எனக்கு ஒண்ணுமில்லைன்னா மேனேஜர் முன்னாடி இவர் பொய்யர். புருஷனைக் காட்டிக் கொடுக்கவும் மனசில்லை. இன்னிக்கு வீட்டில உட்காரவும் மனசில்லை.

"எனக்கு நேத்தே விட்டுப்போச்சு. அது அப்படியே இவருக்கு ஒட்டிக்கிச்சு. பாருங்க."

இங்ரிட் நேரா போய் இவர் நெத்தியில கைவச்சாங்க. பயத்தில வேர்த்து ஊத்தியிருக்கு. "அடப்பாவமே, சட்டையே நனைஞ்சுபோச்சே!"

மேனேஜர் சொன்னார்: "போய்ப் படு. நாளைக்கு டியூட்டிக்கு வராதே."

இவர் என்னைப் பார்த்தார். போய்ப் படுத்தார். இங்ரிட்டே போர்வையைக் கழுத்து வரை இழுத்துவிட்டு, சூப்பைப் பக்கத்தில வச்சாங்க. நான் பட்டுப்புடவை மாத்தி, வயலினை எடுத்து, ராஜியைக் கூட்டிக்கிட்டுக் கிளம்பிட்டேன்.

ஊர்வலம். கம்பம் வரைக்கும் நடந்தே வாசிச்சேன். ரெண்டு இடத்தில சறுக்கல், ஆனா நிக்கலை. கம்பத்துக்கிட்ட வந்ததும் பொறுக்க முடியலை. மணல்லயே சம்மணம் போட்டு உட்கார்ந்தேன், பட்டுப்புடவையோட. கை விடுதலையாச்சு. அசைச்சே வாசிச்சேன், நேராவும் வாசிச்சேன், யாரும் எதுவும் சொல்லலை. என்னைச் சுத்தி எல்லாரும் ஆடினாங்க. டிராயிங் செக்ஷன் பசங்களும் வேலிக்கு அந்தப் பக்கம் நின்னு கேட்டாங்க. ஒருத்தனும் வாயைத் திறக்கலை.

ஏழரைக்கு வீடு. இவர் இன்னும் கட்டில்ல. சூப் காலி.

"எல்லாரும் வந்திருந்தாங்களா?"

"வந்திருந்தாங்க."

"என்னதான் வாசிச்சே?"

இத்தனை வருஷத்தில இவர் இதைக் கேட்டதே இல்லை. பெட்டியைத் திறந்தேன்.

"இப்பவா? பக்கத்து வீட்டுக்கெல்லாம் கேட்கும், கோமு."

வாசல் கதவைத் திறந்து வச்சிட்டு வந்து, தரையில உட்கார்ந்து சுருதி சேர்த்தேன்.