பலகையில் முந்தின நாள் நேரம்

மார்ச் 4

என் வாயாடிக்கு,

நீ இல்லாமல் வீடு வெறிச்சென்று கிடக்கிறது. கால் கட்டுப் பிரித்தாயிற்றா? கடலோர வனக் காப்பகத்தில் சீசன் களைகட்டிவிட்டது. தெற்குக் கடற்கரை வரை நடைபாதையில் ஒரே கூட்டம். நடந்து களைத்து வருகிறவர்கள் வாசல் கடையில் பொரித்த கணவாயைத் தட்டுத் தட்டாக உள்ளே தள்ளுகிறார்கள். நேற்று நானும் ஒரு தட்டு வாங்கினேன், பாதிதான் இறங்கியது.

ஒரு சின்ன வேலை. நீ பாறையிலிருந்து விழுந்த அன்று பலகையில் கடல் ஏறும் நேரம் தப்பாக இருந்ததென்று எவனோ மேலிடத்தில் போட்டுக்கொடுத்துவிட்டான். விசாரணை வருகிறது. ‘எச்சரிக்கைப் பலகையைப் பார்த்தும் மதிக்காமல் இறங்கினேன்’ என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பு. என் வேலை உன் கையில்தான் இருக்கிறது.

உன்
பாதைக் காவலன்

மார்ச் 9

என்னங்க,

கட்டுப் பிரித்துவிட்டார்கள். இடது கால் இனி மடங்காதாம். கோல் ஊன்றி நடக்கிறேன்.

அந்த ஒரு வரியை எழுத எனக்கு மூன்று நாள் பிடித்தது. பலகையை நன்றாகப் பார்த்துவிட்டுத்தானே இறங்கினேன்! அதில் இருந்தது முந்தின நாள் நேரம். காலையில் அழித்து எழுத மறந்தது யார்? “சிப்பி கொஞ்சம் பொறுக்கிட்டு வா, குழம்பு வச்சு எத்தனை நாளாச்சு” என்று அனுப்பியதும் நீங்கள்தான். இடுப்பு வரை தண்ணீர் வந்தபோதுகூட, என் புருஷன் எழுதியது தப்பாகாது, இப்போது வடிந்துவிடும் என்று, அலை தள்ளிவிடும் வரை பாறைமேலேயே நின்றுகொண்டிருந்தேன். பைத்தியக்காரி.

போகட்டும். கையெழுத்துப் போட்டுவிட்டேன். இங்கே அண்ணன் வாயே திறப்பதில்லை. அண்ணி தட்டை நங்கென்று வைக்கிறாள். “உனக்குன்னு ஒரு வீடு இருக்கா, இல்லையா?” என்று நேற்று நேராகவே கேட்டுவிட்டாள். மாதக் கடைசிக்குள் வந்து கூட்டிப்போங்கள். எனக்கு வேறெதுவும் வேண்டாம்.

உங்கள்
வாயாடி

மார்ச் 27

என் வாயாடிக்கு,

உன் கடிதம் என்னைக் காப்பாற்றிவிட்டது. அரை மணி நேரத்தில் விசாரணை முடிந்தது. என்னைத் தலைமைக் காவலராகவே ஆக்கிவிட்டார்கள். எல்லோருக்கும் இறால் வாங்கிக் கொடுத்தேன். நீ இருந்திருந்தால் உரித்தே கை ஓய்ந்திருக்கும்.

கூட்டிப்போகச் சொல்லியிருந்தாய். எச்சரிக்கையை மீறினவர்கள் ஐந்து வருடம் காப்பகத்துக்குள் கால் வைக்கக் கூடாது என்பது விதி. நம் குடியிருப்பு உள்ளேதானே இருக்கிறது? எழுதச் சொன்னபோதே எனக்குத் தெரியும். சொல்லியிருந்தால் நீ எழுதியிருக்க மாட்டாய். மேலதிகாரி, “உங்க வீட்டம்மாதானே, விட்டுடலாம்” என்றார். நான்தான், “விதின்னா எல்லாருக்கும் விதிதான் சார்” என்றேன். நம் வீட்டு நூற்றுப்பத்துப் படியைக் கோல் ஊன்றி ஏற உன்னால் முடியுமா, தினமும் உன்னைத் தூக்கிச் சுமக்க என்னால்தான் முடியுமா? நிதானமாக யோசி, உனக்கே சரியென்று படும்.

உன் துணிமணியெல்லாம் பெட்டியில் போட்டு லாரியில் ஏற்றிவிட்டேன். நாளை மறுநாள் வந்துவிடும். அண்ணியை அனுசரித்துப் போ.

அன்புடன்
தலைமைக் காவலர்