உள்ளங்காலில் ஒரு மைத்துளி

மை மணக்கும் கையோடு எனக்குச் சோறு போட்டுத் தந்த என் பவானி அக்காவுக்கு,

முதலில் சொல்ல வேண்டியதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் வலது உள்ளங்காலில், குதிக்காலுக்குக் கிட்ட, ஒரு கறுப்புப் பொட்டு வந்திருக்கிறது. உனக்கு இடது காலில் வந்தது, எனக்கு வலது. அவ்வளவுதான் வித்தியாசம் என்று எழுதக் கை கூசுகிறது.

வந்து நாலு மாதம். ஒருவருக்கும் சொல்லவில்லை. நாலு மாதமாக வீட்டுக்குள்ளும் சொக்ஸ் போட்டுக்கொண்டுதான் திரிகிறேன். சிட்னியின் இந்தக் குவேக்கர்ஸ் ஹில் வெயில் உனக்குத் தெரியும், தரையே சுடும். அதிலும் சொக்ஸ். வெள்ளிக்கிழமைக் கோயிலையும் நிறுத்திவிட்டேன், அங்கே கழற்ற வேண்டுமே. கேட்கிறவர்களுக்கு வேலை கூடிப்போய்விட்டது என்று சொல்கிறேன்.

காலையில் குளியலறைக் கதவைப் பூட்டிவிட்டு, காலைத் தூக்கிப் பார்ப்பேன். ஒவ்வொரு கிழமையும் ஓரம் கொஞ்சம் வேறு மாதிரி இருக்கிறது. ஒரு பக்கம் நிற்கிறது, மறுபக்கம் நகர்கிறது. நீ இருந்திருந்தால் அதை என்னவென்று சொல்லியிருப்பாய்?

எனக்குத் தெரியும் நீ என்ன சொல்வாய் என்று. அதுதான் பயமாக இருக்கிறது.

அத்தான் செத்துப்போன பிறகு நீ வங்கி வேலையை விட்டுவிட்டு, ஸ்ட்ராத்ஃபீல்டில் லின் அன்ரியிடம் சீன மை ஓவியம் பழகப் போனாய். கார் ஓடப் பயந்தவள் நீ. சனிக்கிழமைதோறும் உன் சாரதி நான்தான். அவவின் கராஜில் வெறுங்காலோடு தரையில் மண்டியிட்டு, முழத்துக்கு முழம் தாளை விரித்து நீங்கள் எல்லாரும் மூங்கில் வரைவதை வாசலில் ஒரு கதிரையில் இருந்து பார்த்திருக்கிறேன். உள்ளுக்குள் சிரித்தும் இருக்கிறேன்.

திரும்பி வரும்போது நீ பேசிக்கொண்டே வருவாய். தாவோ என்றால் வழி, தம்பி. அது தானாக நடக்கிற வழி, அதைத் தள்ளாதே, இழுக்காதே என்பதுதான் சீனாவின் அந்தப் பழைய ஞானிகளின் பேச்சு. அதிலிருந்துதான் சீனர்களுக்கு வடிவு என்றால் என்ன என்பதே வந்தது என்பாய். வழுவழுப்பான கல்லை அவர்கள் திரும்பியும் பார்க்க மாட்டார்கள். தண்ணீர் தின்று துளைத்த கல்லை மரப் பீடத்தில் ஏற்றி வைப்பார்கள். நேராக வளர்ந்த மரத்தை விடக் காற்றில் முறுகிய பைன் மரம் பெரிது. தாளில் பாதியை வெறுமையாக விட்டால் அதுதான் பனிமூட்டம், அதுதான் மலை மூச்சு விடுகிற இடம்.

"எங்கட கோயில் கோபுரத்தில ஒரு சாண் வெறுமை காட்டு பாப்பம்" என்று நான் கேட்டேன். நீ விழுந்து விழுந்து சிரித்தாய். இரண்டு பக்கமும் ஒத்துவராவிட்டால் கோலத்தையே அழித்துவிட்டுத் திரும்பப் போடுகிற குடும்பத்தில் பிறந்தவள், ஒத்துவராததில்தான் உயிர் இருக்கிறது என்று சொல்லத் தொடங்கியிருந்தாய். ஓரம் தெளிவாக இருந்தால் அது செத்த கோடு, மை தாளுக்குள் தானாக ஊறிப் பரவ வேண்டும் என்றாய். அந்த நாட்களில் நீ எவ்வளவு சந்தோஷமாக இருந்தாய், அக்கா.

பிறகு அந்தச் சனிக்கிழமை. காருக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலைத் தூக்கிக் காட்டினாய்.

"இஞ்ச பார் தம்பி, மை. கழுவிக் கழுவியும் போகுதில்லை. எவ்வளவு வடிவா ஊறியிருக்கு பார். லின் அன்ரி எத்தினை தரம் சொல்லியும் எனக்குத் தாளில இப்பிடி ஒரு ஓரம் வரேல்லை."

நானும் பார்த்தேன். ஒரு பக்கம் கறுப்பு, மறுபக்கம் கபிலம், நடுவில் சாம்பல். நல்ல மை மூன்று நாலு நிறமாகப் பிரியும் என்று நீ சொன்னது போலவே பிரிந்திருந்தது.

"ஆக மிஞ்சினா செத்த ரத்தமா இருக்கும்" என்றேன். நீ இரண்டு கிழமை கழித்து, அது கான்சர் இல்லைத்தானே என்று கேட்டபோதும் நான் சிரித்தேன். "விசர்க்கதை கதைக்காதை அக்கா. தோல் கான்சர் வெள்ளையளுக்கு வாற வருத்தம். எங்கட ஆக்களுக்கு அது வராது."

நான் செய்கிற வேலை உனக்குத் தெரியும். ரயில் பட்டறையில் சக்கரச் சில்லுகளில் வெடிப்புத் தேடுகிறவன். சிவப்புச் சாயத்தைப் பூசித் துடைத்து, வெள்ளைப் பொடியை அடித்துவிட்டுக் காத்திருப்போம். வெடிப்பு இருந்தால் சாயம் மெல்லக் கசிந்து ஓரம் கலங்கும். ஓரம் கலங்கினால் அந்தச் சில்லு வண்டியில் ஏறாது. ஒரு மயிரிழையைக்கூட விட்டவன் இல்லை நான். உன் காலை விட்டுவிட்டேன்.

நீ நொண்டத் தொடங்கிய பிறகுதான் டொக்டரிடம் போனோம். மெலனோமா, தோல் கான்சர் என்றார். எங்களைப் போன்ற தோல்காரருக்கு அது வெயில் படாத உள்ளங்காலிலும் நகத்துக்குக் கீழேயும்தான் கூடுதலாக வரும் என்றும் சொன்னார். அந்தச் சொல் வந்த நேரத்தில் அது உன் ஈரல்வரை போயிருந்தது.

உன் செத்தவீடு முடிந்த நாளிலிருந்து நான் ஆரைத் திட்டிக்கொண்டிருந்தேன் தெரியுமா? லின் அன்ரியை. உள்ளதை உள்ளபடி விடு, தள்ளாதே, இழுக்காதே என்று என் அக்காவுக்குப் படிப்பித்துக் கொன்றுவிட்டா என்று. போன சனிக்கிழமை உன் தூரிகைகளைத் திருப்பிக் கொடுக்கிற சாட்டில் சண்டை பிடிக்கவே போனேன்.

சப்பாத்தைக் கழற்றினேன். விருந்தாளிச் செருப்பு ஒரு சோடியை எடுத்து வைத்தா. சொக்ஸோடு அதற்குள் காலை நுழைத்துக்கொண்டு, மனதில் இருந்த எல்லாவற்றையும் கொட்டினேன். அவவின் ஆங்கிலமும் என்னுடையது மாதிரி அரைகுறைதான். தமிழில் எழுதினால் இப்படி வரும்.

"மையா? என் மை தோலில் மூன்று நாள்கூட நிற்காது. கண்ட அன்றைக்கே டொக்டரிடம் காட்டு என்றேன். அடுத்த மாதமும் சொன்னேன்."

"பிறகு ஏன் அவ போகேல்லை?"

லின் அன்ரி என் முகத்தைப் பார்க்காமல் தூரிகைகளைப் பார்த்துக்கொண்டு சொன்னா. "என் தம்பிக்குத் தெரியும், எங்கள் ஆட்களுக்கு அது வராதாம் என்றாள்."

அக்கா, நான் அந்தக் கராஜில் அப்படியே நின்றேன். மரப் பீடத்தில், நீ சொன்னது போலவே, தண்ணீர் துளைத்த கல் ஒன்று இருந்தது. எனக்கு அதைத் தூக்கி எறிய வேண்டும் போலவும் இருந்தது, அதன் முன்னால் விழுந்து அழ வேண்டும் போலவும் இருந்தது. உன் தூரிகைகளை அதன் பக்கத்தில் வைத்தேன்.

"வற்புறுத்தாதே என்றுதான் எங்கள் பழைய ஆட்கள் சொன்னார்கள்" என்றா. "கண்ணை மூடு என்று ஒருவரும் சொல்லவில்லை. ஒரு மலையை வரைவதற்கு முன்னம் வருஷக்கணக்காக அதைப் பார்க்க வேண்டும்." பிறகு என் காலைக் காட்டிக் கேட்டா. "நீ ஏன் நொண்டுகிறாய்?"

நான் நொண்டுகிறேன் என்று எனக்கே தெரியாது. சத்தியமாகத் தெரியாது.

வாசலில் நான் வழமையாக இருக்கிற அந்தக் கதிரையில் இருந்து சொக்ஸைக் கழற்றினேன். லின் அன்ரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, குனிந்து, கனநேரம் பார்த்தா. ஒரு ஓவியத்தைப் பார்க்கிற மாதிரித்தான் பார்த்தா. ஆனால் வடிவு என்று சொல்லவில்லை. எழும்பிப் போய்த் தொலைபேசியைக் கொண்டுவந்து என் கையில் தந்தா.

இன்று வியாழக்கிழமை. தோல் பார்க்கிற கிளினிக்கில் எனக்கு முன்னால் இரண்டு பேர் இருக்கிறார்கள். இரண்டு பேரும் வெள்ளையர்கள். என்னை ஒருமுறை பார்த்துவிட்டுத் தங்கள் ஃபோனைப் பார்க்கிறார்கள். எங்கட ஆக்களுக்கு இது வராது என்றுதான் அவர்களும் நினைக்கிறார்களோ?

உன் மகள் அபிக்குக் காலையில் சொன்னேன். நீ போன பிறகு அவள் ஞாயிறுதோறும் மெல்பேர்னிலிருந்து ஃபோன் எடுத்து, காலைக் காட்டினீங்களா மாமா என்று ஆங்கிலத்தில் கேட்பாள். கூடப்பிறந்தவர்களும் காட்ட வேண்டும் என்று டொக்டர் சொன்னதை அவள் மறக்கவில்லை. ஓம் பிள்ளை, எல்லாம் சரி என்று இவ்வளவு நாளும் பொய் சொன்னேன். இன்று உண்மையைச் சொன்னேன். அவளுடைய வீட்டுக் குசினியில் தண்ணீர் ஓடுவது கேட்டது.

"யூ லைட் டு மீ, மாமா." எனக்குப் பொய் சொல்லிவிட்டீங்களே என்றாள்.

"ஓம் பிள்ளை."

குழாயை மூடுகிற சத்தம் கேட்டது. பிறகு, எதற்கும் ஆங்கிலத்திலேயே பதில் சொல்கிற பிள்ளை, "வாறன்" என்றாள். பின்னேரம் விமானம் ஏறுகிறாள். தாய்க்கு அடுத்தது நான்தான் அவளுக்கு. அதை நினைத்துத்தான் பயம், காலை நினைத்து இல்லை.

டொக்டர் எவ்வளவு நாளாக என்று கேட்பார். நாலு மாதம் என்றே சொல்வேன், குறைக்க மாட்டேன். அவர் என்ன சொன்னாலும் நாளைக்கு வெள்ளிக்கிழமைக் கோயிலுக்குப் போகிறேன், கட்டுப் போட்ட காலோடு என்றாலும். எங்கட ஆக்களுக்கு அது வராது என்று உனக்குச் சொன்ன இதே வாயால், அங்கே வருகிற அங்கிள், அன்ரி ஒவ்வொருவரையும் மறித்து உள்ளங்காலைக் காட்டச் சொல்வேன். விசரன் என்றாலும் சொல்வேன். எவ்வளவு காலம் இருக்கிறதோ அவ்வளவு காலமும் சொல்வேன். இது உனக்குத் தருகிற வாக்கு.

பெயரைக் கூப்பிடுகிறார்கள், அக்கா. போயிட்டு வாறன்.

சொக்ஸைக் கழற்றிக் கையில் வைத்திருக்கும்
உன் தம்பி,
நேசன்