பிரவீனாவின் கோடும் என் கோடும்

2013 ஜூன் 12, புதன்

காலையிலிருந்து மின்சாரம் இல்லை. இன்வெர்ட்டரும் பாதியில் கைவிட்டுவிட்டது. கிளினிக்கில் செல்போன் வெளிச்சத்தில்தான் நோயாளிகளின் வாயைப் பார்த்தேன்.

தளவாய் என்று ஒருவர் வந்தார். ஒரகடத்தில் வெல்டிங் வேலை, ஊர் தென்காசிப் பக்கம். கீழ்க் கடைவாய்ப் பல்லில் வலி. வீக்கம் இல்லை, காய்ச்சல் இல்லை. வேர் சிகிச்சை செய்யவேண்டும் என்று சொல்ல ஆரம்பித்தேன். முடிக்க விடவில்லை.

"குன்றத்தூர்ல பிரவீனா டாக்டர்ட்ட போனேன். ஆன்டிபயாடிக் தேவையில்ல, பல்லத் தொறந்து விட்டாத்தான் வலி நிக்கும்னு சொல்லுதாவ. எனக்கு மத்தியானம் ஷிப்ட். நீங்க மாத்திர எழுதிக் கொடுங்க டாக்டர்."

எழுதிக் கொடுத்தேன். இரண்டு வகை, ஐந்து நாளைக்கு. பல்வலி என்று வருபவர்களுக்கு வழக்கமாகக் கொடுப்பதுதான். போகும்போது, "நீங்கதான் நல்ல டாக்டர்" என்றார்.

அந்த ஒரு வார்த்தை நாள் முழுக்க இனித்தது. ஏன் என்று எனக்குத் தெரியும். கல்லூரியில் நாலு வருஷமும் நானும் பிரவீனாவும் ஒரே அறை. ஒரே தட்டில் சாப்பிட்டோம். கடைசி வருஷம் பதக்கம் அவளுக்குப் போனது. மேடைக்குக் கீழே நின்று கை வலிக்கத் தட்டினேன். அன்றைக்குத் தொடங்கிய எரிச்சல் இன்னும் நிற்கவில்லை. கல்யாணமாகி நான் ஸ்ரீபெரும்புதூர் வந்தேன். அவளுக்கு இதே பக்கம்தான் சொந்த ஊர் என்பதை அப்போது யோசிக்கவில்லை.

2013 ஜூலை 9, செவ்வாய்

தளவாய் மறுபடி வந்து இன்னொரு முறை மாத்திரை வாங்கிப் போயிருந்தார். அப்புறம் ஆளையே காணோம். இன்று கிளினிக் உதவியாள் சந்திரம்மாள் கருவிகளைக் கழுவிக்கொண்டே சொன்னாள்: "அந்த வெல்டிங் ஆளு குன்றத்தூர் டாக்டரம்மாகிட்ட போயி பல்லுக்கு உறை மாட்டிக்கினு வந்துக்கிறாருமா. பஸ்டாண்டுல பாத்தேன். வலியே இல்லியாம், சிரிச்சிக்கினு நிக்கிறாரு."

நான் எதுவும் கேட்கவில்லை. அவளாகத்தான் சொன்னாள்.

2013 செப்டம்பர் 22, ஞாயிறு

வட்டாரப் பல் மருத்துவர் சங்கக் கூட்டம். இந்த முறை பேசியவள் பிரவீனா. பாக்கு நிறத்தில் பட்டும் பருத்தியும் கலந்த புடவை. அவளுக்கு எடுப்பாக இருந்தது. இதையெல்லாம் ஏன் பார்க்கிறேன்?

சொன்னது இவ்வளவுதான்: வெறும் பல்வலிக்கு ஆன்டிபயாடிக் பயன்படாது. கிருமி உட்கார்ந்திருக்கும் இடத்தைத் திறந்து சுத்தம் செய்தால்தான் வலி போகும். அள்ளி அள்ளிக் கொடுத்தால் நிஜமாகவே வேண்டிய நாளில் அந்த மருந்து கேட்காது. இது யாருக்குத் தெரியாது? புத்தகத்தில் இருப்பதுதானே? ஆனால் அவள் சொன்னதும் அரங்கமே புதிதாகக் கேட்பதுபோல் கேட்டது. தலைவர் பரசுராமன் சார் எழுந்து நின்று, "நம்ம ஏரியாவுக்கே பெருமை" என்றார். நான் இந்தப் பக்கத்தில் அவளுக்கு முன்னால் போர்டு மாட்டியவள். என்னை ஒருநாள் பேசச் சொன்னாரா?

கடைசியில் அவள் ஒன்று கேட்டுக்கொண்டாள். மூன்று மாதம் அவரவர் கிளினிக்கில் நூறு பேரில் எத்தனை பேருக்கு ஆன்டிபயாடிக் எழுதுகிறோம் என்று குறித்துத் தரவேண்டுமாம். "பேர் வேணாம். நம்பர் மட்டும் போதும்."

வெளியே வந்ததும் என் தோளில் கை போட்டாள். "எப்படி இருந்துச்சு காந்தி?"

"மைக் கொஞ்சம் இரைஞ்சுது" என்றேன்.

2014 ஜனவரி 19, ஞாயிறு

திரையில் வரிசையாக நீலக் கோடுகள். ஒவ்வொரு டாக்டருக்கும் ஒன்று, பெயர் இல்லை. என் எண் எனக்குத் தெரியுமே.

எல்லாவற்றையும்விட உயரமாக நின்றது என்னுடையதுதான்.

பக்கத்தில் இருந்த யாரோ, "யாருப்பா அது, மாத்திரைக் கம்பெனியே வச்சிருக்காரா?" என்றார். சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வேறு என்ன செய்ய?

வரிசையில் இருந்த மிகச் சின்னக் கோடு தன்னுடையது என்று பிரவீனா சொல்லவில்லை. சொல்ல வேண்டுமா? என் பக்கம் அவள் திரும்பவே இல்லை. என் கோடு எது என்று அவளுக்குத் தெரிந்துபோனதற்கு அதைவிட வேறு அடையாளம் எதற்கு?

வீட்டில் இவரிடம் சொன்னேன். நம்பிராஜனுக்கு எல்லாமே ஃபேக்டரி லைன்தான். "ரிஜெக்‌ஷன் ஜாஸ்தியா இருந்தா கொறச்சிட வேண்டியதுதானே, இதுல அழுறதுக்கு என்ன இருக்கு?"

சரி. குறைக்கிறேன். ஜூலையில் திரும்பவும் கோடு போடுவாளாம். அன்றைக்கு மிகச் சின்னது என்னுடையதாக இருக்கும். அவளுடையதைவிடச் சின்னது.

2014 பிப்ரவரி 11, செவ்வாய்

இந்த வாரம் மூன்று பேர் கோபித்துக்கொண்டு போனார்கள். "மாத்திர தராத டாக்டர் இன்னாத்துக்கு?" என்று ஒரு பெரியவர் படியில் நின்றே கத்தினார். கீழே மருந்துக்கடை பாண்டுரங்கன் வேறு: "இன்னா மேடம், உங்க சீட்டே வரமாட்டேங்குது? எனக்கு எதுனா மனஸ்தாபமா?"

ஆனால் இதையும் எழுத வேண்டும். போனவர்கள் போக, பல்லைத் திறக்க ஒப்புக்கொண்டவர்களுக்கு வலி நின்றது. வெறும் வலி மாத்திரையோடு நின்றது. முன்போல் வயிற்றுப்போக்கு என்று யாரும் திரும்பி வரவில்லை. வாயெல்லாம் கசக்கிறது என்று யாரும் சொல்லவில்லை.

அவள் சொன்னது சரி. எழுதும்போதே எரிகிறது.

2014 மார்ச் 8, சனி

பிப்ரவரிக் கணக்கு பார்த்தேன். நன்றாக இறங்கியிருக்கிறது. அவளுடையது எவ்வளவு இருக்கும்? போன் செய்து பேச்சோடு பேச்சாகக் கேட்கலாமா என்று யோசித்தேன். கேட்கவில்லை. இன்னும் இறக்க வேண்டும்.

2014 மார்ச் 29, சனி

மாரிசெல்வி. இருபது வயதுதான் இருக்கும். செல்போன் பாகம் செய்யும் கம்பெனியில் லைன் வேலை. குன்றத்தூரில் ஹாஸ்டல், கம்பெனி பஸ் எங்கள் தெரு முனையில் நிற்கும், அப்படி வந்தவள். வலப்பக்கம் தாடைக்குக் கீழே வீங்கியிருந்தது. கன்னம் தொட்டால் சுட்டது.

பல்லைத் திறந்தேன். சீழ் வந்தது. "அப்பாடி, இப்பத்தான் டாக்டர் உயிரு வந்திருக்கு" என்றாள்.

மருந்துச் சீட்டில் வலி மாத்திரை எழுதினேன். அடுத்த வரியில் பேனா நின்றது. மாதம் முடியப்போகிறது. இந்த மாதம் நினைத்ததைவிடக் குறைவு. இன்னொன்று எழுதாமல் இருந்தால் –

சீழ்தான் வெளியே வந்துவிட்டதே. வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் கொப்பளி, திங்கட்கிழமை வா என்று அனுப்பினேன்.

போதும். அது போதும்தான்.

2014 மார்ச் 31, திங்கள்

மாரிசெல்வி வரவில்லை. பிரவீனாவிடமிருந்து போன்தான் வந்தது.

"காந்தி, உன் பேஷன்ட் ஒரு பொண்ணு நேத்து என்கிட்ட வந்துச்சு. ஞாயித்துக்கிழமைன்னு நீ பூட்டியிருந்தியாம். கழுத்து வரைக்கும் வீக்கம். வாயைத் திறக்க முடியல, எச்சில்கூட முழுங்க முடியல. கார்ல ஏத்தி பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிட்டேன். கழுத்தைக் கிழிச்சு சீழை எடுத்திருக்காங்க. ஐ.சி.யூ.ல இருக்கு."

போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"நீ என்ன ஆன்டிபயாடிக் குடுத்தன்னு அங்க டாக்டர் கேக்குறாரு. சீட்டுல வலி மாத்திரை மட்டும்தான் இருக்கு. வேற சீட்டுல எழுதினியா?"

"இல்ல."

"எதுவுமே குடுக்கலியா?"

"இல்ல பிரவீனா."

"சரி, சொல்லிடறேன்" என்று வைத்துவிட்டாள். திட்டியிருக்கலாம். திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன்.

வந்தவர்களைத் திருப்பி அனுப்பச் சொல்லிவிட்டு உள்ளே உட்கார்ந்திருக்கிறேன். சீழைத்தான் எடுத்தோமே என்று பத்துத் தடவை சொல்லிக்கொண்டேன். காய்ச்சல் இருந்ததே. வீக்கம் கீழே இறங்கியிருந்ததே. முதல் வருஷ மாணவிகூட எழுதியிருப்பாளே. என்னடி பண்ணிட்ட காந்திமதி? என்னடி பண்ணிட்ட?

2014 ஏப்ரல் 1, செவ்வாய்

மூச்சு சீராக இருக்கிறதாம். பிரவீனா குறுஞ்செய்தி அனுப்பினாள்.

2014 ஏப்ரல் 2, புதன்

போனேன். வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். கழுத்தில் கட்டு, பக்கவாட்டில் ஒரு குழாய். மாரிசெல்வி தூங்கிக்கொண்டிருந்தாள். அம்மா சங்கரன்கோவிலிலிருந்து ராத்திரி பஸ் பிடித்து வந்திருக்கிறாள். நான் யார் என்று தெரிந்ததும் எழுந்து கையைப் பிடித்துக்கொண்டாள். "வேலைய விட்டுட்டு வந்து பாக்கியளே, உங்க மனசுக்கு நீங்க நல்லா இருப்பிய தாயி."

என் தப்பைப் பற்றி அந்த அம்மாவிடம் பிரவீனா எதுவும் சொல்லியிருக்கவில்லை. தலைமாட்டில் நின்று ஃபிளாஸ்கில் கொண்டுவந்த கஞ்சியை ஆற்றிக்கொண்டிருந்தாள். அந்த நிலையிலும் எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? அந்த இடத்தில் நான் நிற்க வேண்டும், இவள் எப்படி நிற்கலாம் என்று. வெட்கமில்லாமல் தோன்றியது.

வராந்தாவுக்கு வந்ததும் கேட்டாள். "ஏன்டி குடுக்கல? உனக்குத் தெரியாததா?"

"உன் கோட்டைவிட என் கோடு சின்னதா இருக்கணும்னு நெனச்சேன்."

விளையாடுகிறேனா என்று முகத்தைப் பார்த்தாள். பிறகு அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். "நான் அதுக்கா காந்தி கோடு போட்டேன்?" அப்புறம், தனக்கே சொல்வதுபோல்: "என் மேலயும் தப்பு இருக்கு. குறைக்கணும் குறைக்கணும்னுதான் சொன்னேன். எப்ப கட்டாயம் குடுக்கணும்னு அழுத்திச் சொல்லல. எண்ணிக்கையக் காட்டிட்டு விட்டுட்டேன்."

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. பதக்கத்தை எடுத்துக்கொண்டாள். மேடையை எடுத்துக்கொண்டாள். என் பேஷன்டையும் எடுத்துக்கொண்டாள். இப்போது தப்பையும் எடுத்துக்கொள்கிறாள்.

"இது என் தப்பு. இதையாவது எனக்கு விடு" என்றேன். சத்தமாகவே சொல்லிவிட்டேன்போல. நர்ஸ் திரும்பிப் பார்த்தாள்.

பிரவீனா அழுதாள். நான் அழவில்லை. பஸ்ஸில் வரும்போதுதான்.

2014 ஏப்ரல் 12, சனி

இன்று ஹாஸ்டலுக்குப் போய் மாரிசெல்வியைப் பார்த்துச் சொன்னேன். அன்றைக்கே ஆன்டிபயாடிக் கொடுத்திருக்க வேண்டும், கொடுக்காதது நான் என்று. அவள் அம்மாவும் கேட்டுக்கொண்டிருந்தாள். இந்த முறை கையைப் பிடிக்கவில்லை.

"தெரிஞ்சேவா குடுக்கல?" என்று மாரிசெல்வி கேட்டாள்.

ஆமாம் என்றேன்.

தாடைக்குக் கீழே தையல் போட்ட இடத்தைத் தொட்டுக்கொண்டாள். "லைன்ல என் எடத்துக்கு வேற ஆள் போட்டுட்டாங்க. கான்ட்ராக்ட்தான, லீவெல்லாம் கெடையாது." என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. ஜன்னலைப் பார்த்துச் சொன்னாள். மிச்ச சிகிச்சையைப் பிரவீனா டாக்டரிடமே பார்த்துக்கொள்கிறாளாம்.

அதுதான் சரி. வரும் வழியெல்லாம் அதுதான் சரி என்று சொல்லிக்கொண்டே வந்தேன்.

2014 மே 6, செவ்வாய்

இவருடைய கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள் என்றார். மாரிசெல்வியிடம் சொல்லச் சொல்லிப் பிரவீனாவுக்குப் போன் செய்தேன். என் பெயர் வேண்டாம் என்றேன். "சொல்லித்தான் ஆவேன்" என்றாள்.

போனாளா, சேர்ந்தாளா, தெரியவில்லை. கேட்க எனக்கு வாய் வரவில்லை.

2014 ஜூலை 20, ஞாயிறு

சங்கக் கூட்டம். இந்த முறை கோடுகள் இல்லை. பிரவீனா போடவில்லை. நான்தான் பேசுகிறேன் என்று நானே கேட்டு வாங்கிக்கொண்டேன்.

பெண்ணின் பெயரைச் சொல்லவில்லை. மற்றதையெல்லாம் சொன்னேன். ஜனவரியில் உயரமாக நின்ற கோடு யாருடையது என்பதை, பேனா எந்த வரியில் நின்றது என்பதை, ஏன் நின்றது என்பதை. வெறும் வலிக்கு வேண்டாம், காய்ச்சல், பரவும் வீக்கம், வாய் திறக்க முடியாமை என்றால் ஒரு நிமிடமும் யோசிக்காதீர்கள், பல்லையும் திறங்கள், மருந்தும் கொடுங்கள், மறுநாளே திரும்பப் பாருங்கள், ஞாயிற்றுக்கிழமையானாலும் உங்கள் போன் நம்பரைக் கொடுத்தனுப்புங்கள் என்றேன். பரசுராமன் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

ஒரு இளம் டாக்டர் வந்து, "மேடம், நானும் நம்பருக்காக ரெண்டு பேருக்குத் தயங்கினேன்" என்றாள். பாதி அழுகை.

கைதட்டல், பிரவீனாவுக்கு விழுந்ததைவிடக் குறைவு. கவனித்தேன். கவனிக்காமல் இருக்க என்னால் முடியாதுபோல.

2015 மார்ச் 17, செவ்வாய்

கன்னம் வீங்கி, காய்ச்சலோடு ஒரு அம்மாள். முனியம்மாள், தண்டலம். திறந்தேன், எழுதினேன், சாயங்காலமே போன் செய்து கேட்டேன். அடுத்து வந்தவருக்கு வெறும் வலி. எழுதவில்லை. சண்டை போட்டார். போடட்டும்.

2015 டிசம்பர் 6, ஞாயிறு

நாலு நாளாகப் பிரவீனாவுக்குப் போன் போகவில்லை. செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்துவிட்டதில் அந்தப் பக்கம் முழுக்க வெள்ளம். இன்றுதான் இவர் பைக்கில் சுற்றிக்கொண்டு போக முடிந்தது.

வீடு தப்பிவிட்டது. கிளினிக் தாழ்வான இடம், இடுப்பளவு தண்ணீர் நின்று இறங்கியிருக்கிறது. நாற்காலி, கம்ப்ரஸர், எக்ஸ்ரே எல்லாம் சேறு. வாசலில் உட்கார்ந்து இடுக்கிகளை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தாள். நைட்டியின் மேல் துண்டு. இப்படி அவளை நான் பார்த்ததே இல்லை.

இத்தனை வருஷம் உள்ளுக்குள் எதற்குக் காத்துக்கொண்டிருந்தேனோ, அது இதுதானா? சந்தோஷம் வருகிறதா என்று பார்த்தேன். வரவில்லை. நிஜமாகவே வரவில்லை.

"எழுந்திரு. என் கிளினிக்குக்கு வா" என்றேன்.

"உனக்கு எதுக்குடி தொந்தரவு?"

"காலைல நீ, சாயங்காலம் நான். எழுந்திரு."

2015 டிசம்பர் 19, சனி

அவளுடைய ஆட்கள் குன்றத்தூரிலிருந்து பஸ் ஏறி இங்கே வருகிறார்கள். இன்று பெஞ்ச் போதாமல் படியெல்லாம் உட்கார்ந்திருந்தார்கள். "உங்க முறையில இவ்ளோ கூட்டம் வர்றதில்லியேமா" என்றாள் சந்திரம்மாள். சுருக்கென்றது. கீழே கடையிலிருந்து நாற்காலி வாங்கிவந்து போடச் சொன்னேன்.

நான் வரும்போது பிரவீனா கடைசி ஆளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெள்ள முகாமிலிருந்து ஒரு பெரியவர். சர்க்கரை உண்டு, லேசான வீக்கம், காய்ச்சல் இல்லை. பல்லைத் திறந்து முடித்திருந்தாள். பேனாவைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"காந்தி, நீ வந்து பாரேன். குடுக்கவா, வேணாமா?"

கை கழுவி, கையுறை போட்டு, தாடைக்குக் கீழே மெதுவாக அழுத்திப் பார்த்தேன். சர்க்கரை எவ்வளவு என்று கேட்டேன். முகாமில் மாத்திரையே போடவில்லையாம்.

"குடு. நாளைக்கே திரும்ப வரச்சொல்லு" என்றேன்.

எழுதினாள். பெரியவர் அவளைத்தான் கும்பிட்டார். என்னைப் பார்க்கவே இல்லை. கொஞ்சம் எரிந்தது. கொஞ்சம்தான்.

நாளை ஞாயிறு. அவரைப் பார்க்க அவள் காலையிலேயே வந்துவிடுவாள். கிளினிக்கின் இன்னொரு சாவியை அவளிடம் கொடுத்துவிட்டேன்.