மெர்சிங் கடலில் உப்பு இல்லாத மார்கழி

என் ராசா, தம்பி மாணிக்கத்துக்கு,

நீ போய் நாற்பது நாளாகிறது. அதில் முப்பத்தேழு நாள் நான் சித்தப்பாவோடு சண்டை போட்டிருக்கிறேன். இந்தக் கடிதத்தைப் பத்திரிகைக்கே அனுப்பப் போகிறேன். நான் வாயால் சொன்னால் பொம்பளைப் பேச்சு. அச்சில் வந்தால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு படிப்பார்.

உன் அஸ்தியை மெர்சிங் ஆற்று வாயைத் தாண்டிக் கடலில்தான் கரைத்தார்கள். உன் அத்தானும் சித்தப்பாவும் மாட் என்கிற மலாய் மீன்காரனின் சம்பான் படகில் போனார்கள். விடாமல் கொட்டிய மழை அன்றைக்குத்தான் கொஞ்சம் விட்டிருந்தது. கரைத்து முடித்து சித்தப்பா ஒரு முழுக்குப் போட்டார். வாயில் தண்ணீர் போயிருக்கிறது. உப்புக் கரிக்கவில்லை. அவ்வளவுதான், பிடித்துக்கொண்டார்!

ஈர வேட்டியோடு நேரே வந்து அம்மாவிடம், "அண்ணி, அது கடலே இல்ல. ஆத்துத் தண்ணி. புள்ள இன்னும் கடல் சேரல" என்றார். பிள்ளையைப் பறிகொடுத்தவளிடம் சொல்லுகிற பேச்சா இது? மறுபடியும் கரைக்க வேண்டுமாம். எதைக் கரைப்பது? சட்டியில் ஒரு பொட்டுச் சாம்பல்கூட மிச்சமில்லையே! அதைக் கேட்டால் மட்டும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விடுகிறார்.

அம்மா அன்றே சொல்லிவிட்டாள்: "எம்புள்ள கடல் சேர்ற வரைக்கும் எனக்கு உப்பு வேணாம்." அன்றிலிருந்து வெறும் கஞ்சிதான். அதுவும் அரைக் கிண்ணம் இறங்குவதில்லை. இப்போது சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள். ஆஸ்பத்திரி டிரசர் வந்து பார்த்துவிட்டு, "இப்படியே விட்டா தாங்க மாட்டாங்கம்மா" என்று என்னைத் திட்டிவிட்டுப் போனார். என்னை எதற்குத் திட்ட வேண்டும்?

உன் மேலும் எனக்குக் கோபம்தான். கவர்மெண்டு லாஞ்சுப் படகில் உனக்கு என்ன வேலை? வாளியில் கடல் தண்ணீரை மொண்டு, கண்ணாடி மிதவையை அதில் விட்டு, உப்பு எவ்வளவு என்று எழுதுகிற வேலை. "மழைத் தண்ணி லேசுக்கா. உப்புத் தண்ணி மேல ஏறிப் படுத்துக்கும். மார்கழியில ஆறெல்லாம் வந்து கொட்டுறப்ப கடல் மேல நல்ல தண்ணியே ஓடும்" என்று சோறு தின்னும்போதெல்லாம் சொல்வாய். "உப்பை அளக்கவா சர்க்கார் சம்பளம் குடுக்குது, பேசாம சாப்பிடு" என்று நான் வாயை அடைத்தேன். அதைச் சித்தப்பாவிடம் ஒரு தடவை சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா?

போன செவ்வாய்க்கிழமை பொறுமை போய்விட்டது. நடுவில் இன்னொரு வாரம் மழை. அலை சற்று அடங்கியதும் மீன்காரன் மாட்டைக் கூப்பிட்டேன். உன்னைக் கரைத்த அதே இடத்தில் சம்பானை நிறுத்தச் சொன்னேன். கையால் மேல் தண்ணீரை அள்ளிக் குடித்தேன். சப்பென்று இருந்தது. சித்தப்பா பொய் சொல்லவில்லை, அதுதான் எரிச்சல்.

காலி எண்ணெய்ப் புட்டியில் கல்லைக் கட்டி, தக்கைக்குத் தனிக் கயிறு போட்டு இறக்கினேன். நாலு பாகம் ஆழம் போனதும் தக்கையை வெடுக்கென்று இழுத்தேன். மேலே ஏற்றிக் குடித்தால், ஐயோ, நாக்கு சுருண்டுவிட்டது! மாட்டுக்கு ஒரே சிரிப்பு. "அத்தாஸ் தாவார், பாவா மாசின்" என்றான். மேலே நல்ல தண்ணீர், கீழே உப்பு என்று அர்த்தம். மீன் பிடிக்கிறவனுக்குத் தெரிந்தது நம் வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை.

புட்டியைக் கொண்டுவந்து சித்தப்பா முன்னால் வைத்தேன். மோந்து பார்த்தார். "அடுப்படி உப்பக் கரைச்சுக் கொண்டாந்துட்டு யாரு கிட்ட கதை விடுற?" என்றார். அலமாக்! அந்தப் புட்டியை அவர் தலையில் கவிழ்க்காமல் இருந்தது நான் செய்த புண்ணியம்.

அம்மா மட்டும் விரலைத் தொட்டு நாக்கில் வைத்தாள். "உப்புத்தான்" என்றாள். அப்பாடா என்று நான் மூச்சு விடுவதற்குள், "ஆனா அவன மேல் தண்ணியிலதானடி விட்டாங்க?" என்றாள்.

"எலும்பு மிதக்குமாம்மா? அடியில உப்புக்குத்தான் போயிருப்பான்" என்றேன். "மேலயும் உப்பாகட்டும். அப்பறம் சாப்பிடுறேன்" என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

மாட்டைக் கேட்டேன். மழை விட்டு ஆறு இளைக்க வேண்டுமாம். காற்றும் அலையும் மேலையும் கீழையும் கலக்க வேண்டும், வெயிலும் காய வேண்டும், பிறகு மேல் தண்ணீரும் கரிக்கும் என்றான். எத்தனை நாள் என்று அவனுக்கும் தெரியவில்லை. அத்தனை நாள் அம்மா இருப்பாளா, மாணிக்கம்?

இனி தினமும் காலையில் மாட்டின் சம்பானில் போய் அந்த இடத்துத் தண்ணீரை வாயில் விட்டுப் பார்ப்பேன், இது சத்தியம். கரிக்கிற அன்றைக்கு அம்மாவைத் தூக்கிக்கொண்டாவது போய் அவள் கையாலேயே அள்ளிக் குடிக்க வைப்பேன். வீட்டுக்கு வந்து அவள் கஞ்சியில் உப்புப் போடுவேன். அவள் கிண்ணத்தைக் காலி செய்த பிறகுதான் உனக்காக உட்கார்ந்து அழுவேன். அதுவரை என்னைக் கூப்பிடாதே, எனக்கு வேலை இருக்கிறது.

உன்னைப் பேசவிடாமல் சோறு போட்ட
உன் அக்கா,
செல்லம்மா