இரண்டு விரல் ஏறிய தண்ணீர்

உதய்,

சாம்பார் குக்கரில் இருக்கிறது, சாதம் மட்டும் வைத்துக்கொள். எதிர்வீட்டு வங்காளி அக்கா வந்தால் அவங்க தயிர்ப் பாத்திரத்தைக் கொடுத்துவிடு. லேக் மார்க்கெட்டில் ஃபிரேம் போடக் கொடுத்த படங்களை வாங்கிக்கொண்டு ஏழு மணிக்குள் வந்துவிடுவேன்.

நேற்று கண்காட்சிக்காக எல்லாவற்றையும் வகை பிரித்தேன். வாட்டர் கலர் கட்டில் மேல், கோட்டோவியங்கள் மேசையில், ஆயில் பெயின்டிங் சுவரோரம். அப்போதுதான் பார்த்தேன், கிடர்பூர் துறைமுகக் கப்பல் படத்தில் தண்ணீர் இரண்டு விரல் உயரம் ஏறியிருந்தது. நான் தீட்டியது போன மாதமே காய்ந்துவிட்டது. இது விரலில் ஒட்டியது.

"நான் தொடவே இல்ல வைஷு" என்று சத்தியம் செய்தாய். ஞாயிற்றுக்கிழமை "இவ்ளோ சரக்கு ஏத்துன கப்பல் இப்படி மேல நிக்காது" என்று சிரித்தது யார்? கார்டன் ரீச் கப்பல் கட்டும் தளத்தில் நாள் முழுக்கக் கப்பல் வரைபடம் போடுகிற உன்னைத் தவிர, இந்த வீட்டில் யாருக்கு அந்தக் கணக்குத் தெரியும்? உன் சட்டைக் கையில் என் நீலம் வேறு.

மற்ற படங்களை அறையில் வைத்துப் பூட்டிவிட்டேன். சாவி என்னிடம்.

வைஷாலி

பி.கு.: கப்பல் மட்டும் கூடத்தில் இருக்கிறது. தண்ணீர் இப்போதுதான் சரியாக இருக்கிறது, அதுதான் எரிச்சல். கப்பலின் பின்பக்கமும் சரியில்லை, எனக்கே தெரியும். திருத்துவதாக இருந்தால் நான் வந்தபின், என் கண் முன்னால் திருத்து.